ஆட்சிக்குழுக் கூட்டம் திறந்த கூட்டம்தான். முடிவை எங்கே எடுத்தார்கள்?

வாய்தாராணி (இழையைத் தொடங்கியவர்)

தொழிலுக்கு வந்து நாலு வருஷம் ஆகுது. இத்தனை நாளும் சந்தா கட்டுறதோட சரி. எங்க வக்கீல் சங்கத்து ஆட்சிக்குழு எப்போ கூடுது, என்ன பேசுதுன்னு எட்டிப் பார்த்ததில்ல. போன வாரம் "பார்வையாளர்கள் வரலாம்"னு அறிவிப்பைப் பார்த்துட்டுப் போய் உட்கார்ந்தேன். மூணு மணி நேரம்.

அந்த மூணு மணி நேரத்துல எந்தத் தீர்மானத்தையும் ஒருத்தர்கூட எதிர்க்கல. போன கூட்டத்து மினிட்ஸ் (நடவடிக்கைக் குறிப்பு), ஏற்பு. பொருளாளர் அறிக்கை, ஏற்பு. அப்புறம் "ஒப்புதல் பட்டியல்"னு ஒண்ணு. அதுல பதினாலு விஷயம். தலைவர் "ஆட்சேபம் உண்டா?"ன்னு கேட்டார், நான் தலையைத் தூக்கிப் பார்க்கிறதுக்குள்ள "நிறைவேறியது"ன்னுட்டார். வீட்டுக்கு வந்து பேப்பரைப் புரட்டுறேன், பதினொண்ணாவது விஷயம் ஜூனியர்களுக்கான சந்தாச் சலுகையை ரத்து செய்றது. நான் வாங்கிட்டிருக்கிற சலுகை! நான் உட்கார்ந்திருக்கிற ஹால்லயே என் மடியைத் தடவிட்டுப் போயிருக்காங்க.

அதுக்கப்புறம் "இனி மூடிய அமர்வு, பார்வையாளர்கள் வெளியே இருக்கவும்"னாங்க. முக்கால் மணி நேரம் வராந்தாவுல நின்னோம். கதவு திறந்துச்சு. கூட்டம் முடிஞ்சுதாம்.

கதவைத் தவிர இதுல வேற என்ன திறந்திருந்துச்சுன்னு யாராவது சொல்லுங்க. இனிமே போறதுல பிரயோஜனம் உண்டா?


பழையகோட்டு

தங்கச்சி, ரெண்டு தடவை ஆட்சிக்குழுவுல இருந்தவன் சொல்றேன். ஒப்புதல் பட்டியல்ங்கிறது சதி இல்ல. ஒரு கூட்டத்துக்கு முப்பது நாப்பது விஷயம் வரும். கமிட்டிக்கு ஆள் போடுறது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறது, இதையெல்லாம் ஒவ்வொண்ணா முன்மொழிஞ்சு வழிமொழிஞ்சு ஓட்டெடுத்தா விடிஞ்சுடும். யாரும் சண்டை போட மாட்டாங்கன்னு தோணுறதை எல்லாம் ஒரே கட்டாக் கட்டி ஒரே ஓட்டுல முடிச்சுடுவோம். அந்தக் கட்டுலேர்ந்து ஒண்ணை உருவ ஒரே ஒரு ஆட்சிக்குழு உறுப்பினர் வாயைத் திறந்தாப் போதும். வழிமொழிய ஆள் வேண்டாம், ஓட்டும் வேண்டாம். "பதினொண்ணைத் தனியா எடுங்க", அவ்வளவுதான்.

சலுகை ரத்தை அந்தக் கட்டுல வெச்சது தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா அங்க இருந்த உறுப்பினர்ல ஒருத்தர்கூட அதை உருவல, ஏன்னு கேளுங்க. படிச்சிருக்க மாட்டாங்க. இருநூறு பக்கத்தை முதல் நாள் ராத்திரி அனுப்பினா யாரு படிப்பா? சத்தியமா நான் படிச்சதில்ல.


குறிப்புக்காரன்

பழையகோட்டு சார் பாதியைச் சொல்லிட்டார். மிச்சம் என்கிட்ட இருக்கு. நான் வக்கீல் இல்ல, ஒரு வக்கீல் சங்கத்துல பதினோரு வருஷம் மினிட்ஸ் எழுதினவன். எந்தச் சங்கம்னு கேட்காதீங்க.

முடிவை எங்கே எடுத்தாங்கன்னு கேட்டீங்களே, கமிட்டியில. ஆட்சிக்குழு மேஜைக்கு வர்ற எதுவும் நேரா வர்றதில்ல. நிதிக் கமிட்டி, விதிகள் கமிட்டி, இப்படி ஏதோ ஒண்ணுல அஞ்சாறு பேர் உட்கார்ந்து முறைச்சு, விட்டுக்கொடுத்து, முடிச்சுத்தான் அனுப்புவாங்க. மேல வரும்போது முத்திரை குத்துறது மட்டும்தான் பாக்கி. நீங்க பார்த்தது அந்த முத்திரைச் சத்தம்.

கமிட்டிக் கூட்டத்துக்கும் பார்வையாளர் போகலாமான்னு உங்க துணைவிதியை, அதான் சங்கத்தோட உள்விதியை, பாருங்க. பல இடத்துல போகலாம். யாரும் போறதில்ல. நான் இருந்த பதினோரு வருஷத்துல நிதிக் கமிட்டிக்கு வந்த பார்வையாளர் ஒரே ஒருத்தர். அவரும் அறை மாறி வந்தவர்.

மினிட்ஸ் படிக்கவும் ஒரு பக்குவம் வேணும். "விவாதத்துக்குப் பின் நிறைவேறியது"ன்னு இருந்தா சண்டை நடந்திருக்கு. "விரிவான விவாதத்துக்குப் பின்"னா யாரோ எழுந்து வெளிய போயிருக்காங்க. "உறுப்பினர்களின் பொறுமைக்குத் தலைவர் நன்றி கூறினார்"னு இருந்தா அன்னைக்கு நான் பேனாவை மூடி வெச்சுட்டேன்னு அர்த்தம்.


எதிர்மனு

எல்லாம் சரி, அடிப்படையையே கேட்கிறேன். சங்கம்னா உறுப்பினர் காசு, உறுப்பினர் விஷயம். உறுப்பினர் வந்து பார்க்கட்டும், வேண்டாங்கல. ஊர்ல போறவன் வர்றவனெல்லாம் எதுக்கு? எந்த வியாபாரிகள் சங்கமாவது நிர்வாகக் கூட்டத்தைத் தெருவுல போட்டுக் காட்டுதா?


ஷரத்து

நல்ல கேள்வி எதிர்மனு. ஆனால் குழப்பம் "சங்கம்" என்ற சொல்லிலேயே இருக்கிறது. வக்கீல்கள் தங்கள் நலனுக்காகக் கூட்டிக்கொண்ட அமைப்பு ஒன்று. யார் வக்கீல் ஆகலாம், யாருடைய உரிமத்தைப் பிடுங்கலாம் என்று சட்டத்தின் பலத்தோடு முடிவு செய்யும் அமைப்பு இன்னொன்று. இந்தியாவில் இவை தனித்தனி: 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் வரும் பார் கவுன்சில்கள் ஒரு பக்கம், நீதிமன்றந்தோறும் இருக்கும் சங்கங்கள் மறு பக்கம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இரண்டும் ஒரே உடம்பு. உறுப்பினராகச் சேராமல் அங்கே தொழிலே செய்ய முடியாது.

கலிபோர்னியா ஸ்டேட் பார் 1927-ல் அப்படித்தான் உருவானது. கட்டாயச் சந்தா வாங்கிக்கொண்டு அரசியல் நிலைப்பாடுகளுக்கும் செலவழிக்கிறார்களே என்று உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள். 1990-ல் கெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: தொழிலை ஒழுங்குபடுத்துவதோடும் சட்டச் சேவையின் தரத்தோடும் ஒட்டாத சித்தாந்தக் காரியங்களுக்கு அந்தப் பணத்தை எடுக்கக் கூடாது.

பெரிய அடி வந்தது 2015-ல், அதுவும் பல் மருத்துவர் வழக்கில். வட கரோலினாவில் பல்லை வெண்மையாக்கித் தரும் கடைக்காரர்களை அந்த மாநிலப் பல் மருத்துவ வாரியம் விரட்டப் பார்த்தது. வாரியத்தில் பெரும்பாலோர் தொழில் நடத்தும் பல் மருத்துவர்கள். தொழில் செய்கிறவர்களே போட்டியாளரை அடக்கும் வாரியத்தில் உட்கார்ந்தால், அரசு அதை உண்மையாகவே மேற்பார்வை செய்தாலொழிய, போட்டிச் சட்டத்திலிருந்து விலக்கு கிடையாது என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வக்கீல் அமைப்புகளுக்கு இதில் வியர்த்தது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

அரசு வாரியங்களுக்கான பாக்லி–கீன் திறந்த கூட்டச் சட்டம் 2016 முதல் கலிபோர்னியா ஸ்டேட் பாருக்கும் பொருந்துகிறது. பத்து நாள் முன்பே அஜெண்டாவை வெளியிட வேண்டும். அதில் இல்லாததைப் பேசி முடிவெடுக்கக் கூடாது. 2018-ல் நலச்சங்க வேலை பார்த்த பிரிவுகள் கழன்று தனி அமைப்பாகின. இப்போது 13 பேர் குழுவில் ஆறு பேர் வக்கீல்களே அல்ல. ஆக உங்கள் கேள்விக்கு என் பதில்: கையில் உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் இருக்கிறதா? இருந்தால் ஊரில் போகிறவர் வருகிறவர் பார்க்கத்தான் வேண்டும். வெறும் நலச்சங்கம் என்றால் நீங்கள் சொல்வது சரி.


எதிர்மனு

நீங்க சொல்றபடி வெச்சுக்கிட்டாலும் ஒண்ணு சொல்றேன். கேமரா வெச்ச அன்னைக்கே கூட்டம் நாடகம் ஆயிடும். முந்தி மனசுல பட்டதைப் பேசின ஆளு இப்போ எழுதி வெச்சதை வாசிக்கிறான். உண்மையான பேச்சு முந்தின ராத்திரி வாட்ஸ்அப் குழுவுல முடிஞ்சுடுது. முன்னாடி கதவைத் திறந்தா பேச்சு பின்வாசல் வழியாப் போகுது.


ஷரத்து

போகிறது, மறுக்கவில்லை. அதனால்தான் நான் சொன்ன சட்டத்தில், பெரும்பான்மை உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வெளியே ஒருவர் மாற்றி ஒருவர் பேசி ஒரு முடிவைத் திரட்டுவதே தடை. ஒருவர் இருவரிடம், அந்த இருவர் இன்னும் இருவரிடம் என்று சங்கிலியாகப் போனாலும் அது கூட்டம் என்றுதான் கணக்கு. வாட்ஸ்அப் குழுவில் பாதிக்கு மேல் இருந்து அங்கே வேலை நடந்தால், அறிவிப்பு இல்லாமல் கூட்டம் போட்டதற்குச் சமம்.


சாட்சிக்கூண்டு

இந்த இழையில் உத்திரமேரூர் கல்வெட்டு இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நானே சொல்லிவிடுகிறேன்: பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் குடவோலையில் பெயர் இடத் தகுதியற்றவர்கள். உறவினரும்! இன்றைக்கு அதைக் கொண்டுவந்தால் ஒரு சங்கத்துக்கும் பொருளாளர் கிடைக்கமாட்டார்.


குறிப்புக்காரன்

வந்துட்டாருய்யா.


கட்சிக்காரன்

நான் வக்கீல் இல்ல. ஒரு வக்கீல் மேல புகார் கொடுத்தவன். பணத்தை வாங்கிக்கிட்டு கேஸை நடத்தாம விட்டவர். பதினெட்டு மாசம் கழிச்சு ஒரு வரியில கடுதாசி வந்துச்சு, "தங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது". யார் பரிசீலிச்சாங்க, எதை வெச்சு முடிச்சாங்க, ஒண்ணும் இல்ல. கேட்டா மூடிய அமர்வுங்கிறாங்க. நீங்க எல்லாம் சந்தாச் சலுகையைப் பத்திப் பேசுறீங்க, பேசுங்க. எனக்கு அந்த மூடின கதவுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னுதான் தெரியணும்.


பழையகோட்டு

ஐயா, உங்க வருத்தம் புரியுது. மூடிய அமர்வுக்கு நியாயம் இருக்குன்னு சொன்னா உங்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லணும். புகார் நிரூபணம் ஆகுறதுக்கு முன்னாடி பேர் வெளிய வந்துட்டா, பொய்ப் புகாரா இருந்தாலும் அந்த ஆளு பிழைப்பு போச்சு. கட்சிக்காரர் நம்பிச் சொன்ன ரகசியமும் அந்த ஃபைல்ல இருக்கும். அது போக சங்கத்து மேலேயே வழக்கு இருந்தா நம்ம வக்கீல் சொல்ற யோசனையை எதிராளி முன்னாடி உட்கார்ந்து கேட்க முடியாது. ஊழியர் மேல நடவடிக்கையும் அப்படித்தான். இந்த மூணுக்கும் கதவைச் சாத்தலாம்.

இப்போ மனசாட்சிக்குச் சொல்றேன். கதவைச் சாத்தின பிறகு நாலாவது, அஞ்சாவது விஷயம் தானா உள்ள நுழையும். "இதையும் இங்கேயே முடிச்சுடலாமே"ன்னு யாராவது ஆரம்பிப்பாங்க. நானும் ஆரம்பிச்சிருக்கேன். ஒரு தடவை கட்டட ரிப்பேர் ஒப்பந்தத்தை அப்படி முடிச்சோம். அதுல ரகசியம்னு ஒண்ணும் கிடையாது, வெளிய பேசினா கேள்வி வரும், அதான். உங்களுக்கு வந்த ஒத்தை வரிக் கடுதாசிக்கு எந்த நியாயமும் இல்ல. பேரை மறைக்கலாம், காரணத்தை ஏன் மறைக்கணும்?


இரட்டைஉரிமம்

பழையகோட்டு ஐயா சொன்ன நாலாவது விஷயத்துக்குக் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அங்கே வக்கீல்களுக்கு உரிமம் கொடுப்பது 1797-ல் தொடங்கிய அமைப்பு, இன்றைய பெயர் லா சொசைட்டி ஆஃப் ஒன்டாரியோ. ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கு அங்கே கான்வகேஷன் என்று பெயர், பட்டமளிப்பு அல்ல. உறுப்பினர்கள் பென்சர்கள். தலைவருக்குப் பெயர் டிரெஷரர், ஆனால் கஜானா அவர் கையில் இல்லை. வக்கீல்கள் தேர்ந்தெடுக்கும் 40 பேர், பாராலீகல்கள் (உரிமம் பெற்ற, வக்கீல் அல்லாத சட்டப் பணியாளர்கள்) தேர்ந்தெடுக்கும் 5 பேர், அரசு நியமிக்கும் வெளியார் 8 பேர். கூட்டம் திறந்த கூட்டம், இணையத்திலும் பார்க்கலாம்.

அங்கே திறந்த அமர்வில் நடந்த சண்டை ஒன்று. சமத்துவத்தையும் பன்மைத்துவத்தையும் வளர்க்கும் கடமையை ஏற்பதாக ஒவ்வொருவரும் ஒரு கொள்கை அறிக்கை வைத்திருக்க வேண்டும் என்று 2016 இறுதியில் விதி வந்தது. கட்டாயப் பேச்சு என்று ஒரு தரப்பு கொதித்தது. 2019 தேர்தலில் அந்த எதிர்ப்பை மட்டுமே சொல்லி நின்ற அணியில் 22 பேர் ஜெயித்தார்கள், அதே ஆண்டு செப்டம்பரில் விதி போனது. 2023-ல் வக்கீல் இடங்கள் அத்தனையையும் எதிரணி அள்ளியது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே அடித்துக்கொள்ள வேண்டாம். யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அடுத்த தேர்தலில் அதை வைத்தே கணக்குத் தீர்த்தார்கள். எனக்கு அது போதும்.

மூடிய பக்கத்தில் நடந்தது இன்னொன்று. தலைமை நிர்வாகியின் சம்பளம் பெரிய அளவில் உயர்ந்தது, முழுக் குழு முறையாக ஒப்புதல் தராமலே. ஓய்வுபெற்ற நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் விசாரித்து எழுதிய அறிக்கை 2025-ல் வெளியே வந்தபோதுதான் உறுப்பினர்களுக்கு விஷயம் முழுதாகத் தெரிந்தது. கவனியுங்கள், சண்டை போட்டுக் கத்திய விதியை எல்லோரும் பார்த்தார்கள். பணம் போனதை யாரும் பார்க்கவில்லை.


வாய்தாராணி

படிக்கப் படிக்க வயிறு எரியுது. சரி, நான் பார்வையாளர். என் கையில என்ன இருக்கு? பேச விடுவாங்களா?


ஷரத்து

பெரும்பாலான திறந்த கூட்டங்களில் பொதுமக்கள் கருத்துக்கு நேரம் உண்டு, ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். குழு அங்கேயே பதில் சொல்லாது. அதனால் சுவரோடு பேசுவதுபோல் இருக்கும்.

ஆனால் சுவர் சில சமயம் ஆடும். பிப்ரவரி 2025-ல் கலிபோர்னியா ஸ்டேட் பார் நடத்திய வக்கீல் தகுதித் தேர்வு குளறுபடியானது. கணினி பாதியில் உறைந்தது, உள்ளே நுழையவே முடியாமல் பலர் தவித்தார்கள். அடுத்தடுத்த கூட்டங்களில் தேர்வு எழுதியவர்கள் வரிசைகட்டிப் பேசினார்கள். ஏப்ரலில்தான் ஸ்டேட் பார் சொன்னது, சில கேள்விகளைச் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு உருவாக்கியிருக்கிறார்கள் என்று. தனக்கே முன்கூட்டித் தெரியாது என்றது மாநில உச்ச நீதிமன்றம். ஜூலைத் தேர்வில் பழைய தேசிய வினாக்களுக்கே திரும்பினார்கள். அந்த மூன்று நிமிடப் பேச்சுகள்தான் இதைச் சாதித்தன என்று சொல்லமாட்டேன், வழக்குகளும் பத்திரிகைகளும் இருந்தன. ஆனால் ஒவ்வொருவர் பேச்சும் பதிவில் ஏறியது. பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று குழுவில் யாரும் சொல்ல முடியவில்லை.


பழையகோட்டு

தங்கச்சிக்கு ஒரு சூட்சுமம் சொல்றேன், இதை எதிர்க்கட்சிக்குச் சொல்லாதீங்க. பல சங்கம் பின்பற்றுறது ராபர்ட் விதிநூல், 1876-ல ஒரு அமெரிக்க ராணுவ எஞ்சினியர் எழுதினது. அதுல நிறைவேறின தீர்மானத்தைத் திரும்பத் தொட ரெண்டு வழி. "மறுபரிசீலனை"ன்னா ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவர்தான் கொண்டு வரணும், அதுவும் அந்த அமர்வு முடியிறதுக்குள்ள. உங்களுக்கு அது போச்சு. ஆனா "முன் தீர்மானத்தை ரத்து அல்லது திருத்தம்"னு இன்னொண்ணு இருக்கு. அதை எந்த உறுப்பினரும் எப்போ வேணாலும் கொண்டு வரலாம். முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்திருந்தா சாதாரணப் பெரும்பான்மை போதும், இல்லைன்னா மூணுல ரெண்டு பங்கு ஓட்டோ, மொத்த உறுப்பினர்ல பாதிக்கு மேலயோ வேணும். அதனால நோட்டீஸ்தான் உசுரு. உங்க துணைவிதியும் இதையே சொல்லுதான்னு பார்த்துட்டு, ஆட்சிக்குழுவுல ஒரு நல்ல ஆளைப் பிடிங்க. ஜெயிக்கிற ஆளா இருக்கணும்னு இல்ல, பேப்பர் படிக்கிற ஆளா இருந்தாப் போதும்.


முதல்பெஞ்ச்

இடையில ஒரு வார்த்தை. கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைஞ்சது இத்தனை பேர் வரணும்ங்கிற கணக்கு, அந்த விஷயத்தை மறந்துடாதீங்க. மலேசியாவில் 2016-ல அரசு, வக்கீல் மன்றப் பொதுக்கூட்டத்துக்கான கோரத்தை 500 பேரிலிருந்து உறுப்பினரில் கால்வாசி அல்லது 4,000, எது குறைவோ அதுக்கு ஏத்தப் பார்த்துச்சு. கேட்க ஜனநாயகம் மாதிரி இருக்கும். நாலாயிரம் வக்கீலை ஒரு ஹால்ல ஒரே நாள்ல கூட்டிக் காட்டுங்க பார்க்கலாம். கூட்டத்தைத் தடை பண்ண வேண்டியதே இல்ல, கோரத்தை ஏத்தினா அது தானா நடக்காது.


வாய்தாராணி

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

துணைவிதியைப் பார்த்தேன், பழையகோட்டு அண்ணா சொன்ன மாதிரியேதான் இருக்கு. குறிப்புக்காரன் அண்ணா சொன்னபடி நிதிக் கமிட்டி மினிட்ஸைக் கேட்டு எழுதினேன். மூணு கடிதத்துக்கு அப்புறம் கிடைச்சது. சலுகை ரத்துக்கு மொத்தம் ரெண்டே வரி: "வருவாய் இழப்பைக் கருத்தில் கொண்டு பரிந்துரைக்கப்பட்டது." எவ்வளவு இழப்புன்னு ஒரு எண் இல்ல. சலுகை வாங்குறவங்க எத்தனை பேர்ங்கிறதும் இல்ல.

ஆட்சிக்குழுவுல ஒரு மேடம். எதுக்கும் வாயே திறக்க மாட்டாங்கன்னு பேர். அவங்களைப் போய்ப் பார்த்தேன். நான் நீட்டின பேப்பரை ஒரு வார்த்தை பேசாம முழுசாப் படிச்சாங்க, ரத்துத் தீர்மானத்துக்கு நோட்டீஸ் கொடுத்துட்டாங்க. நேத்து கூட்டம். எனக்கு மூணு நிமிஷம் கிடைச்சது. ரொம்பப் பேசல. "இந்தச் சலுகையால சங்கத்துக்கு வருஷத்துக்கு எவ்வளவு நஷ்டம்?"னு கேட்டுட்டு உட்கார்ந்துட்டேன். ரெண்டு நிமிஷத்துக்கு மேல மிச்சம்.

தலைவர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் ஃபைலைப் பார்த்தார். ஃபைல்ல ஒண்ணும் இல்ல. அந்த மேடம், "எண் இல்லாம நான் எப்படி ஓட்டுப் போட்டேன்னு எனக்கே தெரியல"ன்னாங்க, அவ்வளவு மெதுவா. ஹால் அமைதியாயிடுச்சு.

ஜெயிக்கல. புள்ளிவிவரம் வரட்டும்னு நிதிக் கமிட்டிக்கே திருப்பி அனுப்பிட்டாங்க, அதுவரைக்கும் ரத்து நிறுத்திவைப்பு. அதாவது எனக்குக் கிடைச்சது வாய்தா.


எதிர்மனு

பேர் ராசி. ஆனா சும்மா சொல்லக் கூடாது, அந்த மேடம் பேசினது நாடகம் இல்ல. கேமரா இருந்துச்சா?


வாய்தாராணி

இருந்துச்சு. நிதிக் கமிட்டி அடுத்த செவ்வாய்க்கிழமை கூடுது. பார்வையாளர் வரலாமாம். நான் போறேன்.


கட்சிக்காரன்

நான் வேற சங்கத்து ஆளுதான், இருந்தாலும் வர்றேன். ஒரு கமிட்டி எப்படி நடக்குதுன்னு வாழ்க்கையில ஒரு தடவையாவது உள்ள இருந்து பார்க்கணும்.


குறிப்புக்காரன்

அறை எண்ணைச் சரியாப் பார்த்துட்டுப் போங்க.